தாத்தாவின் காடிலாக்குக்கு பிரேக் பேட் மாற்றிய சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பேவியூவில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு காரை ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்திவிட்டு பிரேக் பேட் வாங்கக் கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பையன் என்ன வண்டி என்று கேட்டான். காடிலாக் பி.எல்.எஸ்., 2008 மாடல் என்றேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். அந்தப் பெயரே வரவில்லை. இன்னொரு முறை தட்டினான், அப்போதும் இல்லை. என் பின்னால் நின்றிருந்த தாத்தா முன்னால் வந்து, "சாப் நைன் த்ரீ போட்டுப் பாருப்பா" என்றார். அது சுவீடன் கார் ஒன்றின் பெயர். உடனே வந்துவிட்டது. டிஸ்க் அளவை மட்டும் சரிபார்த்து ஒரு செட் எடுத்துக் கொடுத்தான், வீட்டுக்கு வந்து மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்றிலிருந்து இந்த காடிலாக் என்ற பெயரைப் பற்றி எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இன்றுதான் நேரம் கிடைத்தது.

தாத்தா என் வீட்டுக்காரர். 83 வயது. ஐம்பது வருஷம் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். நான் புதுக்கோட்டைக்காரன், வேலைக்காக டர்பன் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, வாகன உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அவர் வீட்டுப் பின்புற அவுட்பில்டிங்கில் குடியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி, ஆனால் 'வாங்கோ', 'குந்து', 'ஆயா' எல்லாம் நூற்றைம்பது வருஷம் கடல் தாண்டியும் வாடாமல் அப்படியே இருக்கும். அந்த காரை அவருடைய பெரிய மகன் 2012-ல் பழைய வண்டியாக வாங்கிக் கொடுத்தார். காரணம் ஒன்றுதான். அப்பா சின்ன வயசிலிருந்து ஒரே ஒரு காரின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்தப் பெயரின் மேல் மரியாதை வந்ததற்கு வேறு வழி. தொழில் வழி. எங்கள் வேலையில் 'தௌ' என்று ஒரு சொல் உண்டு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் தெரியும். ஒரு பாகம் இரண்டு தௌ கூடினாலும் குறைந்தாலும் அது என் மேஜையைத் தாண்டாது. அமெரிக்க மோட்டார் தொழிலில் இந்த வெறியைக் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஹென்றி லேலண்ட். காடிலாக்கை உருவாக்கியவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பழகி, பிறகு அளவுக்கருவிகளுக்குப் பேர்போன பிரௌன் அண்ட் ஷார்ப்பில் தேறியவர். துப்பாக்கியில் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் போர்க்களத்தில் ஆள் சாவான். அந்தப் பாடத்தைத்தான் அவர் காருக்குக் கொண்டுவந்தார்.

1902-ல் ஹென்றி ஃபோர்டு தன் பெயரில் இருந்த கம்பெனியை விட்டு வெளியேறிவிட்டார். பணம் போட்டவர்கள் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று மதிப்புப் போட லேலண்டைக் கூப்பிட்டார்கள். விற்காதீர்கள், என்னிடம் ஒரு நல்ல என்ஜின் இருக்கிறது, கார் செய்யலாம் என்றார் அவர். அப்படிப் பிறந்ததுதான் காடிலாக். 1701-ல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் காடிலாக்கின் பெயரை வைத்தார்கள். அவரும் அந்தப் பிரபுப் பட்டத்தையும் குலச்சின்னத்தையும் அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு தனக்குத் தானே சூட்டிக்கொண்டவர்தான். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. கடல் தாண்டினால் பேர் மாறத்தான் செய்யும் என்றார். இங்கே கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், அப்பாவின் பெயர் வெள்ளைக்காரன் பதிவேட்டில் குடும்பப் பெயரானது.

இப்போது 1908-க்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. லண்டனில் காடிலாக் விற்ற பிரெடரிக் பென்னட் என்பவர் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் சோதனைக்கு வண்டிகளைக் கொடுத்தார். கையிருப்பில் இருந்தவற்றிலிருந்து மூன்று கார்களைக் கிளப்பே பொறுக்கியது. புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றையும் கடைசி நட்டு வரைக்கும் கழற்றினார்கள். ஒவ்வொரு வண்டியிலும் 721 பாகம். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்துவிட்டார்கள். அதோடு விடவில்லை, குவியலிலிருந்து 89 பாகங்களை எடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கடையில் விற்பனைக்கு இருந்த உதிரி பாகங்களைப் போட்டார்கள். இப்போது மாட்டு என்றார்கள். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும்தான் அனுமதி. அரம் கூடாது, ஒரு இடத்திலும் ராவக் கூடாது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கார் செய்வது என்றாலே அரம் போடுவதுதான் பாதி வேலை, கை தேர்ந்த ஆசாரி ஒவ்வொரு பாகத்தையும் அதன் பக்கத்துப் பாகத்துக்கு ஏற்றபடி தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவான். மூன்று வண்டியும் மாட்டி முடிந்தன, பாகத்துக்கு ஒரு நிறம் என்று கதம்பமாக. ஸ்டார்ட் ஆயின. 500 மைல் ஓட்டினார்கள், ஓடின. அந்த ஆண்டுக்கான டூயர் கோப்பை காடிலாக்குக்குப் போயிற்று. 'உலகத்தின் தரம்' என்று அவர்கள் போட்டுக்கொண்ட விளம்பர வரிக்கு அடியில் இருந்தது இந்தக் கதைதான். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் சுவீடன்காரர் யோஹான்சன் செய்த அளவுக் கட்டைகளையும் லேலண்ட் வரவழைத்தார். அதே மாதிரி கட்டைகள் இன்றும் என் மேஜையில் மரப்பெட்டியில் இருக்கின்றன. காலையில் பெட்டியைத் திறந்து எண்ணெய் துடைக்கும்போது, இந்தக் கிழவர் எத்தனை பேருக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று தோன்றும்.

அடுத்தது, நாம் எல்லோரும் தினம் சொல்லும் ஒரு வார்த்தை. 'வண்டி செல்ஃப் எடுக்கவில்லை' என்று சொல்கிறோமே, அந்த 'செல்ஃப்' விற்பனைக்கு வந்தது 1912 மாடல் காடிலாக்கில்தான். அதற்கு முன்னால் முன்பக்கம் கிராங்க் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும், தாடை உடையும். லேலண்டின் நண்பர் ஒருவர் அப்படி அடிபட்டு இறந்துபோனார், அதில் நொந்துபோய்த்தான் லேலண்ட் இதற்கு வழி கண்டுபிடியுங்கள் என்று பிடிவாதமாக நின்றார் என்று சொல்வார்கள். சார்லஸ் கெட்டரிங் செய்து கொடுத்தார். பெண்கள் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு போவதற்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தக் கார் கம்பெனியும் செய்யவில்லை என்பது என் கருத்து.

1909-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கை வாங்கிவிட்டது. லேலண்ட் 1917-ல் வெளியேறி லிங்கன் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ஆக அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆடம்பரக் கார்களுக்கும் அப்பா ஒரே ஆள். அப்புறம் 1930 ஜனவரியில் பதினாறு சிலிண்டர் காடிலாக்கைக் காட்டினார்கள். பங்குச் சந்தை விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அற்புதமான என்ஜின், ஆனால் வாங்க ஆள் இல்லை. பத்து வருஷத்தில் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் வண்டிதான் போயிற்று.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அந்தப் பஞ்ச காலத்தில் காடிலாக்கை மூடிவிடலாமா என்று ஜெனரல் மோட்டார்ஸ் யோசித்தது. காடிலாக்கின் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிக்கலஸ் டிரெய்ஸ்டாட், ஜெர்மனியில் பிறந்தவர். பட்டறைக்கு வரும் வண்டிகளைக் கவனித்தவர் அவர். வண்டியைக் கொண்டு வருபவர்களில் நிறையப் பேர் கறுப்பினத்தவர்கள், டாக்டர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள். ஆனால் கறுப்பினத்தவருக்குக் காடிலாக் விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. அப்படியானால் இவர்கள் எப்படி வாங்கினார்கள்? ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்து, அவனுக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுத்து, அவன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்ல வீடு வாங்க விடமாட்டார்கள், நல்ல ஓட்டலில் நுழைய விடமாட்டார்கள், கையில் காசு இருந்தும் அந்தஸ்தைக் காட்ட மிஞ்சியிருந்தது கார் மட்டும்தான். டிரெய்ஸ்டாட் நேராகத் தலைமைக் கூட்டத்துக்குள் போய், அந்த நூற்றுக்கணக்கான டாலரை இடைத்தரகன் ஏன் தின்ன வேண்டும், அவர்களுக்கே நேரடியாக விற்போம் என்று வாதாடினார். ஒத்துக்கொண்டார்கள். பிரிவு பிழைத்தது. டிரெய்ஸ்டாட் காடிலாக்கின் தலைவரானார். நிர்வாகவியல் எழுதிய பீட்டர் டிரக்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அது ஒன்றால்தான் பிழைத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், டிரெய்ஸ்டாட் தொழிற்சாலைச் செலவையும் நன்றாகக் குறைத்தார். ஆனால் யாருக்கு விற்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினார்களோ அவர்கள்தான் அந்தப் பெயரைத் தூக்கிப் பிடித்தார்கள். 1949-ல் 'எபோனி' பத்திரிகை, கறுப்பின மக்கள் ஏன் காடிலாக் வாங்குகிறார்கள் என்று தலையங்கமே எழுதியது. குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் இளஞ்சிவப்பு காடிலாக்கில் ஹார்லம் தெருவில் வந்தால் கூட்டம் கூடும்.

நான் இதைத் தாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது பழைய பிரேக் பேடைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் அவர் ஆரம்பித்தார்.

அவர் பிறந்தது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில். சரிவு முழுக்க நம் ஆட்களின் காய்கறித் தோட்டம், மாமரம், தகரக் கூரை வீடு, நடுநடுவே கோயில். அங்கே ஒரு வாழைப்பழ மொத்த வியாபாரி ஒரு கறுப்பு காடிலாக் வைத்திருந்தாராம். யுத்தத்துக்கு முந்தைய வண்டி. தாத்தாவுக்கு அப்போது பத்து வயது, ஞாயிறு காலையில் அதைக் கழுவித் துடைப்பது அவர் வேலை. ஸ்டியரிங் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்டேன். "எனக்கு முன் சீட்டு ஞாபகம் இல்லை தம்பி, நான் பின் சீட்டுதானே பார்த்தேன்" என்றார். பின் சீட்டு அப்படியே ஞாபகம் இருக்கிறது அவருக்கு. சாம்பல் நிறக் கம்பளித் துணி. முன் சீட்டின் முதுகில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு தடித்த பட்டுக் கயிறு கட்டியிருக்கும், கம்பளியோ சால்வையோ போட்டுவைக்க. ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போனபோது இவரையும் ஏற்றிக்கொண்டார்கள், கோயில் வரும் வரைக்கும் அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாராம். சொல்லும்போது இரண்டு கையும் தானாக மடங்கிப் பிடித்தன.

ஞாயிறு சாயங்காலம் அந்த வியாபாரி குடும்பத்தோடு மரைன் பரேடில், கடற்கரை ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் அந்த ரோட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு போவாராம். ஓட்டலுக்குள் போக முடியாது. வெள்ளைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரையில் இறங்க முடியாது. ரோட்டில் போவதை யாரும் தடுக்க முடியாது. டெட்ராய்ட்டில் டிரெய்ஸ்டாட் பார்த்ததை, இங்கே ஒரு பத்து வயதுப் பையன் பக்கெட்டும் துணியுமாக நின்று பார்த்திருக்கிறான்.

1950-ல் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. எந்த இனம் எங்கே குடியிருக்க வேண்டும் என்று கோடு போட்டார்கள். கேட்டோ மேனர் மெல்ல மெல்லக் காலியானது, அறுபதுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாட்ஸ்வர்த்துக்கு வந்து சேர்ந்தன. அந்த வியாபாரிக்கும் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு சின்ன வீடு கிடைத்தது. கார் நிறுத்த இடமே கிடையாது. வண்டியை ரோட்டுச் சரிவில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து வைத்திருப்பாராம். கடைசி வரைக்கும் விற்கவில்லை. தாத்தா மெக்கானிக் வேலைக்குப் போனதே அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்க்கும் ஆசையில்தான்.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் நடந்தது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1948-ல் ஒரு போர்விமானத்தின் வாலைப் பார்த்துப் பின்பக்கம் இறக்கை வைத்தார்கள், அது வருஷா வருஷம் வளர்ந்து 1959-ல் உச்சிக்குப் போயிற்று. எல்விஸ் பிரெஸ்லி தன் அம்மாவுக்கு இளஞ்சிவப்பு காடிலாக் கொடுத்தார், அந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. எந்தப் பொருளிலாவது மிகச் சிறந்தது எதுவோ அதை 'அதன் காடிலாக்' என்று சொல்லும் வழக்கமே வந்துவிட்டது. எழுபதுகளில் 8.2 லிட்டர் என்ஜின். பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் அந்தப் பருமனே பாரமாகிப் போனது.

வீழ்ச்சியைப் பற்றி எழுதுவதில் எனக்கு வருத்தம்தான். 1981-ல் எட்டு சிலிண்டரில் இரண்டையோ நான்கையோ தேவைப்படாதபோது அணைத்துவைக்கும் என்ஜினைக் கொண்டுவந்தார்கள். யோசனை அருமை, இன்று பல கம்பெனிகள் அதைச் செய்கின்றன, ஆனால் அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை, வண்டி திணறியது, பெரும்பாலான மாடல்களில் ஒரே வருஷத்தில் கைவிட்டார்கள். 1982-ல் வந்த சிமரன்தான் பெரிய அடி. விலை குறைந்த ஷெவர்லே கவலியருக்குத் தோல் சீட்டும் காடிலாக் சின்னமும் போட்டு 12,000 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். ஓப்பல் ஆஸ்கோனாவும் அதே குடும்பம்தான். தாத்தா இதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "எத்தனை ஆஸ்கோனா கழட்டியிருக்கேன். நல்ல வண்டி. ஆனா அது காடிலாக் இல்லை" என்றார். ஏழு வருஷ விற்பனைக்காக எண்பது வருஷப் பெயரை அடகு வைத்தார்கள். 1987-ல் அலாந்தே என்ற காருக்கு இத்தாலியில் பினின்ஃபரினா உடல் கட்ட, அதைப் போயிங் 747-ல் ஏற்றி டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் போன பெயரை மீட்கவில்லை. அந்த வேளையில், 1989-ல் லெக்ஸஸ் வந்து இறங்கியது. பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து அளந்து செய்த வண்டி. லேலண்டின் பாடத்தை ஜப்பான்காரர்கள் படித்துவிட்டு வந்தார்கள் என்றுதான் என் தொழிலில் இருப்பவனுக்குத் தோன்றும்.

2002-ல் சி.டி.எஸ். வந்தபோதுதான் நிமிர்ந்தார்கள். கத்தியால் வெட்டிய மாதிரி கோடுகள், பின்சக்கர இயக்கம், 2008-ல் அதன் வி மாடல் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் தடத்தை எட்டு நிமிஷத்துக்குள் சுற்றியது. ஆனால் பெயரை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தது எஸ்கலேட் என்ற பெரிய எஸ்.யு.வி. அதை வாங்கிப் பாட்டிலும் வீடியோவிலும் ஓட்டிக் காட்டியவர்கள் யார்? கறுப்பினப் பாடகர்கள், கூடைப்பந்து வீரர்கள். எழுபது வருஷத்துக்குப் பிறகும் அதே மக்கள்தான் வந்து கைகொடுத்தார்கள். கம்பெனி தன் வரலாற்றை எழுதும்போது இதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1926-லிருந்து போர்ட் எலிசபெத்தில் இருந்தது, நிறவெறி எதிர்ப்பு நெருக்கடியில் எண்பதுகளில் விலகியது, திரும்பி வந்தது, 2017 முடிவில் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. நடுவில் கொஞ்ச காலம் வலப்பக்க ஸ்டியரிங் காடிலாக்குகள் விற்றார்கள். அதில் ஒன்றுதான் தாத்தாவின் பி.எல்.எஸ். சுவீடனில் சாப் தொழிற்சாலையில் செய்தது, அமெரிக்காவில் விற்கவே இல்லை. இப்போது மின்சார காடிலாக்குகளை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வலப்பக்க ஸ்டியரிங்கோடு அனுப்புகிறார்கள், 2026 ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பதினோராவது அணியாக இறங்கியிருக்கிறார்கள். இரண்டும் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, இது உண்மையில் சாப்தானே தாத்தா, உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று அன்றைக்கு நேரடியாகவே கேட்டுவிட்டேன். "வண்டி நல்ல வண்டி. பையன் பேரைப் பார்த்து வாங்கிக் குடுத்தான். அந்தப் பேரு அவனுக்கு எங்கேருந்து தெரியும்? நான் சொல்லித்தானே?" என்றார்.

சக்கரங்களை முறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கினேன். புது பேட் படிய வேண்டும், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தாத்தா கை கழுவிவிட்டு வந்து, முன் கதவைத் திறக்காமல் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஹிக்கின்சன் ஹைவே பிடித்துப் போய், பெல்லேர் ரோட்டில் அம்பலவாணர் ஆலயம் வரைக்கும் போகச் சொன்னார், புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும் கோயில் அது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், புல் மண்டிய ஒரு சரிவுக்குப் பக்கத்தில் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். மேலே இரண்டு மாமரங்கள் தெரிந்தன. வீடு எதுவும் இல்லை. அவர் கை முன் சீட்டின் முதுகைப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், போ" என்றார். அடுத்த ரோபோவில், இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர், சிவப்பு விழுந்து நான் பிரேக்கை மிதித்ததும், "நல்லா பிடிக்குது" என்றார்.